அட்வான்ஸ் மொட்டை

1

இந்தக் கதை ஒரு ஃப்ளெக்ஸிலிருந்து வந்தது. திருப்பதியிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வடமாலபேட்டையில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே பதினைந்தடி உயரத்துக்கு ஒரு பெண். பட்டுப்புடவை. முன்னால் எடுத்துப் போட்ட சடை ஃப்ளெக்ஸின் கீழ்விளிம்பு வரை போனது. பக்கத்தில், அவளில் பாதி அளவுக்கு, பேட் பிடித்த ஒரு வீராங்கனை. மூலையில், வீராங்கனையைவிடப் பெரிதாக, கும்பிட்ட கையோடு மண்டலக் கட்சித் தலைவர்.

தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உலகப் போட்டியில் நம் வீராங்கனை வெல்ல வேண்டித் தன் கூந்தலை ஏழுமலையானுக்கு அளிக்கும் வீரப் பெண்மணி என்று இருந்தது. கீழே ஒரு தேதி. அதற்கும் கீழே, வடமாலபேட்டை பேட்மிண்டன்* அபிமான சங்கம்.

பஸ் கிளம்பிவிட்டது. நான் கண்டது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது.

(போட்டியின் பெயரையும் வீராங்கனையின் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் போனை எடுத்துத் தேடுவீர்கள். தேடப் போனவர்கள் கதைக்குத் திரும்புவதில்லை.)

* இந்தப் பக்கம் ஆடுகிறவர்கள் இதை ஷட்டில் என்பார்கள். பேட்மிண்டன் என்பவர்கள் பார்க்கிறவர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘சங்கத்தில் நாற்பத்தொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். பேட் ஒன்றுதான் இருந்தது.’

மறுநாள் படித்தபோது சிரிக்கவைக்கப் பாடுபடுவது தெரிந்தது. அடித்தேன். ஆனால் பேட் ஒன்றுதான். அதுவும் சங்கத்துடையது அல்ல, தலைவர் சீனுவின் மனைவி பிரேமலதாவுடையது. போட்டோ எடுக்க வேண்டும் என்றால் இரவல் வாங்கிப் போவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ‘சீனு பிறவி அபிமானி. அவனுக்குள் ஒரு—’

அவனுக்குள் என்ன? மூன்று நாள் யோசித்தேன். ஒன்றும் இல்லை. சீனு ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். ஊரார் பிறந்தநாளையும் கருமாதியையும் அச்சடித்தே பன்னிரண்டு வருஷம் போயிற்று. தன் பெயரிலும் ஒன்று அடித்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. சினிமாவில் எல்லா நடிகர்களுக்கும் சங்கம் இருந்தது. கிரிக்கெட்டிலும் இடம் இல்லை. பேட்மிண்டன் காலியாக இருந்தது.

அதனால் சீனுவை ஓரமாக உட்காரவைத்துவிட்டு பிரேமலதாவின் பக்கம் போனேன். வரலாமா என்று அவளைக் கேட்கவில்லை. இது பின்னால் என்னைக் கடிக்கப்போகிறது.

3

பிரேமலதாவுக்கு முப்பத்துநான்கு வயது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஏசி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் லீடர். காலை ஐந்து நாற்பதுக்குக் கம்பெனி பஸ். லைனுக்குள் போகுமுன் ஒரு முடிகூட வெளியே தெரியாமல் வலைக்குல்லாய்க்குள் அடக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை. அவளுக்குப் பத்து நிமிஷம், ஆறு ஹேர்பின். தோள்வரைக்கும் வெட்டிக்கொள்கிறேன் என்று எட்டு வருஷமாகச் சீனுவிடம் கேட்டாள். எட்டு வருஷமும் அவன் பதில் ஒன்றுதான்.

"பொம்பள முடிய வெட்டினா வூட்டுக்கு ஆவாது."

கம்பெனிக்குள் ஒரு ஷட்டில் கோர்ட் உண்டு. ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்புவதற்குள் நாற்பது நிமிஷம் கிடைக்கும். மூன்று வருஷமாக அவளும், அதே லைனில் வேலை செய்யும் சபீனாவும் டபுள்ஸ் ஆடுகிறார்கள். எகிறி அடிக்கும்போதெல்லாம் சடை பின்னாலிருந்து வந்து கன்னத்தில் அறையும்.

"அக்கா, நம்ம பக்கம் ரெண்டு பேரு இல்ல, மூணு பேரு ஆடறோம்" என்பாள் சபீனா. "அந்த மூணாவது ஆளு எதிராளிகிட்ட காசு வாங்கிடுச்சு."

ஒரு திங்கள்கிழமை காலை கம்பெனி பஸ் வடமாலபேட்டையைத் தாண்டும்போது டிரைவர் தானாக வேகத்தைக் குறைத்தார். எல்லாத் தலைகளும் இடப்பக்கம் திரும்பின.

"அக்கா, அது உன் கல்யாண போட்டோதானே?"

"என்னுதுதான். அவர மட்டும் வெட்டிட்டிருக்காங்க."

வெட்டியது சுத்தமாக இல்லை. அவள் தோளில் சீனுவின் நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன.

பிரேமலதா தெலுங்கை முழுக்கப் படித்தாள். தன் தலைமுடி தானம் செய்யப்பட்ட செய்தி அவளுக்கு இப்படித்தான் வந்தது. பின்சீட்டில் யாரோ, "இனிமே குல்லாய் போட ஒரு செகண்டுகூட ஆவாது" என்றார்கள். பஸ்ஸே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். வேறென்ன செய்ய—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் அவளுக்காகப் பரிதாபப்படுவீர்கள். அவளுக்கு அதில் விருப்பம் இல்லை.)

4

நடந்தது இது.

சங்கத்தில் யாராவது ஒருவர் மொட்டை நேர்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தலைவன் என்ற முறையில் சீனு முன்வந்தான். அவன் தலையில் இரண்டு காதுக்கு மேலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

"அண்ணா, உன் தலைய நீட்டினா சாமி மீதி எங்கன்னு கேப்பாரு" என்றான் செயலாளர் இஸ்மாயில். அவன் எலக்ட்ரீஷியன், எதையும் நேராகச் சொல்வான். "எங்களுக்கு அந்த வழக்கம் கெடையாது. ஆனா என் போன்ல நெட்டு நல்லா வரும். டிக்கெட் வேணா எடுத்துக் குடுக்கறேன்."

உபதலைவர் பாலையா பேரனோடு போன மாதம்தான் மொட்டை போட்டு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

"எங்க வூட்ல கீது" என்றான் சீனு. "நாலடிக்குக் கீது."

கைதட்டினார்கள்.

தரிசன டிக்கெட் மூன்று மாதம் முன்னதாக, குறித்த நாள் காலையில், இணையத்தில் திறக்கும். திறந்த சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். ஐந்து பேர் ஐந்து போன்களோடு கடையில் உட்கார்ந்தார்கள். இஸ்மாயிலுக்குக் கிடைத்தது. பிரேமலதாவின் ஆதார் எண்ணைச் சீனு மனப்பாடமாகச் சொன்னான். இறுதிப் போட்டிக்கு மறுநாள் திங்கள்கிழமை தேதி. சீனு அன்று மாலையே அந்தத் தேதியைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்தான்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்றால், வாட்ஸப்பில் வந்த அட்டவணையிலிருந்து. அட்டவணை போன வருஷத்துடையது.

ஃப்ளெக்ஸைப் பார்த்த திங்கள்கிழமை சாயங்காலம் பிரேமலதா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போனாள். சீனு, இஸ்மாயில், பாலையா மூவரும் இருந்தார்கள்.

"இன்னா மாமா இது?"

"எது?"

"ரோட்டு மேல நிக்கறேனே, அது."

"நல்லா வந்துகீது இல்ல? பதினாலு எடத்துக்கு அடிச்சிகீறேன். சித்தூர் வரைக்கும் போவுது."

"என் முடிய குடுக்கறதுக்கு என்ன கேட்டியா?"

"சாமி காரியத்துக்குப் போய் கேட்டுக்கினு இருப்பாங்களா?"

"எட்டு வருஷமா தோள் வரைக்கும் வெட்டிக்கறேன்னு நான் கேட்டுக்கினுதானே இருந்தேன்?"

"அது ஃபேஷன். இது பக்தி."

இஸ்மாயில் தொண்டையைச் செருமினான். "அண்ணி, இன்னொரு சின்ன விஷயம். அந்தத் திங்கக்கெழமதான் போட்டியே ஆரம்பிக்குது. ஃபைனலு அடுத்த ஞாயித்துக்கெழம."

பிரேமலதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்ப அந்தப் பொண்ணு மொத பந்து போடறதுக்கு முன்னாடியே எனக்கு மொட்டையா?"

(பந்து என்று அவள் வேண்டுமென்றேதான் சொன்னாள். மூன்று அபிமானிகளில் ஒருவரும் திருத்தவில்லை.)

"அட்வான்ஸும்மா" என்றார் பாலையா. "கல்யாண மண்டபத்துக்குக் குடுக்கறதில்ல? கைநீட்டி வாங்கிட்டா அப்பறம் சாமியும் பேச்சு மாற முடியாது பாரு."

"தேதிய மாத்துங்க."

"டிக்கெட்டு மாத்த முடியாது" என்றான் இஸ்மாயில்.

"மொட்டைக்கு டிக்கெட்டே வேணாம். எப்பப் போனாலும் போடுவாங்க."

 அது உண்மை. பிரிண்டர் மட்டும் யாருடைய பெயர்சூட்டு விழாவையோ துப்பிக்கொண்டிருந்தது.

"ஃப்ளெக்ஸ்ல தேதி போட்டாச்சு" என்றான் சீனு. "கட்சித் தலைவரு அன்னிக்கு வந்து கொடியாட்டி அனுப்பறேன்னுட்டாரு. அவரு தேதிய எப்படி மாத்தறது?"

"அவங்க மொத ரவுண்டுலயே தோத்துட்டா?"

"நல்ல வார்த்த பேசு பிரேமா."

 அவள் வேறு குரலில் கேட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம சித்தூர்ல எனக்கு மேட்ச் கீது. கம்பெனிங்களுக்குள்ள. ஃபைனலு. வர்றீங்களா?"

சீனு இஸ்மாயிலைப் பார்த்தான். இஸ்மாயில் பாலையாவைப் பார்த்தான். பாலையா தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்குக் கமிட்டி மீட்டிங் அண்ணி" என்றான் இஸ்மாயில். "உலகப் போட்டி பாக்கப் பெரிய திரை எங்க கட்டறதுன்னு."

5

இங்கே நான் நின்றுவிட்டேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. அவள் மலை ஏறுகிறாள். மொட்டை. அன்றைக்கே வீராங்கனை முதல் சுற்றில் முப்பத்தொரு நிமிஷத்தில் தோற்கிறாள். இரண்டு பக்கம் வந்தது. ‘அவள் தலையில் வெயில் முதன்முறையாக—’ என்று ஒரு வாக்கியம். அதன்மேல் எனக்குப் பெரிய அபிமானம். அடித்தேன்.

முடிவு இரண்டு. மறுத்துவிட்டு விஜயபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். அம்மா ஒரு பை வேர்க்கடலையோடு அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறாள். நம்பும்படிதான் இருந்தது. ஆனால் கதை இருந்த இடத்துக்கே வந்துவிட்டது, கடலை மட்டும் கூடுதல்.

முடிவு மூன்று. வீராங்கனை வெல்கிறாள். ஊர் கொண்டாடுகிறது. சீனு மனம் திருந்தி—

சீனு ஏன் திருந்த வேண்டும்? அவனுக்கு எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றையும் மேஜைமேல் பரப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மூன்றிலும் அவள் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்கிறேன். சீனு அவளைக் கேட்காமல் பதினாலு ஃப்ளெக்ஸ் அடித்தான். நான் அவளைக் கேட்காமல் மூன்று முடிவு அடித்திருக்கிறேன். அவனுக்காவது சொந்தமாகப் பிரிண்டர் இருக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று விட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பிரேமலதாவும் சபீனாவும் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். மேட்ச் பதினொன்றுக்கு. பிரேமலதா எதிர்ச்சாரியில் இருந்த பியூட்டி பார்லரின் படி ஏறினாள். சபீனாவும் பின்னால் ஏறினாள்.

"தோள் வரைக்கும்" என்றாள் பிரேமலதா. "சடைய அவுக்காதீங்க. அப்டியே வெட்டிக் குடுத்துடுங்க."

பார்லர் பெண் கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். வீட்டில் கேட்டீர்களா என்றாள் தெலுங்கில்.

"எங்க வூட்ல எல்லாருக்கும் சம்மதம். ரோட்ல ஃப்ளெக்ஸே வெச்சிகீறாங்க. நான் ஒருத்திதான் பாக்கி இருந்தேன். என்னையும் இப்ப கேட்டாச்சு."

சடை தடிமனாக இருந்தது. ஒரே வெட்டில் வரவில்லை, நான்கு வெட்டு ஆயிற்று. சபீனா கிட் பையிலிருந்து ஷட்டில் டப்பாவை எடுத்து, உள்ளே இருந்த மூன்று இறகுக் காக்குகளையும் பைக்குள் கொட்டிவிட்டு நீட்டினாள். பன்னிரண்டு காக் பிடிக்கிற நீள டப்பா. சடையை மடித்துத் திணித்து, மூடியை உள்ளங்கையால் அழுத்தினார்கள்.

"மூணாவது ஆளு ரிட்டயர் ஆயிடுச்சு" என்றாள் சபீனா.

பதினொன்று ஐந்துக்கு பிரேமலதா எகிறி முதல் ஸ்மாஷ் அடித்தாள். கன்னத்தில் எதுவும் அறையவில்லை.

சாயங்காலம் அவள் கடைக்குள் வந்தபோது கமிட்டி இன்னும் திரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. துப்பட்டாவால் தலையை மூடியிருந்தாள். டப்பாவைச் சீனுவின் முன்னால் வைத்தாள். அவன் காக் என்று நினைத்துத் திறந்தான்.

சடையின் நுனி வெளியே எகிறியது.

"இன்னா பண்ணி வெச்சிகீற பிரேமா?"

"நேர்ந்துக்கினது முடியத்தானே. தலைய இல்லியே. இந்தா. அட்வான்ஸா போடறியோ, ஜெயிச்சப்பறம் போடறியோ, உன் இஷ்டம். நீயே கொண்டும் போ. அன்னிக்கு எனக்கு மார்னிங் ஷிப்ட்."

"டிக்கெட்டு உன் பேர்ல கீதே."

"ஃப்ளெக்ஸும் என் பேர்லதான் கீது. அதுக்கு நான் வந்தா நின்னேன்?"

பாலையா டப்பாவை எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரே கவலைதான்.

"தலைவரு கொடியாட்டறது இந்த டப்பாவுக்கா?"

7

இதை எழுதும்போது உலகப் போட்டி இன்னும் தொடங்கவில்லை. நீங்கள் படிக்கும்போது முடிந்திருக்கலாம். வீராங்கனை வென்றாளா தோற்றாளா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். டப்பா இப்போது பிரிண்டர்மேல் இருக்கிறது. சீனு அதை மடியில் வைத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறட்டும். தலைவர் அதற்குக் கொடியாட்டட்டும். இல்லை, அது அங்கேயே மையில் ஊறட்டும். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். நான் இனி அந்தத் தலைப்பக்கம் வருவதாக இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. சித்தூரில் பிரேமலதா ஜோடியின் ஸ்கோர் 21-17, 18-21, 22-20. இதை முதல் பிரதியிலேயே எழுதி, கதைக்குத் தேவையில்லை என்று நானே அடித்திருந்தேன். அன்று சாயங்காலம் பேட்மிண்டன் அபிமான சங்கத்தின் கமிட்டி முழுக்கக் கடையில் இருந்தது. யார் ஜெயித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீங்களும்தான் இதுவரை கேட்கவில்லை.