பச்சை இறாலும் சம்பந்தி வீடும்

மகன் இளங்கீரன் கட்டப்போகிற பெண் மெக்சிகோக்காரி என்பதைக் கமலினி ஒருவழியாக விழுங்கிவிட்டாள். அந்தப் பெண்ணின் தகப்பன் இறால் பிடிக்கிறவர் என்பதுதான் தொண்டையைவிட்டு இறங்க மறுத்தது.

மெல்பேர்ணின் ரோவில் பகுதியில் கமலினியைத் தெரியாத தமிழர் இல்லை. அப்படி யாராவது இருந்தால் அவளே போய்த் தெரியப்படுத்திவிடுவாள். தான் விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவள் என்பதை, வள்ளத்தில் வந்தவர்கள் இருக்கிற சபையில், யாரும் கேட்காமலே சொல்லுவாள். புதிதாக ஒரு குடும்பத்தின் பேச்சு வந்தால், "அவை என்ன ஆக்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பாள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பொருள்தான்: என்ன சாதி? ஊரைவிட்டு ஓடிவரும்போது நகையைக்கூட விட்டுவிட்டு வந்தவள், இந்தக் கேள்வியை மட்டும் கீறல் விழாமல் மெல்பேர்ண்வரை கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

பெண்ணின் பெயர் ஹிமேனா. இளங்கீரனோடு ஒரே அலுவலகத்தில் வேலைசெய்யும் எஞ்சினியர். அந்தப் பெயர் வாயில் வரவில்லை என்று சொல்லிக் கமலினி அவளை 'மேனகா' ஆக்கிவிட்டாள். வாயில் வரவில்லை என்பது சும்மா சாட்டு. மேனகா என்றால் தொலைபேசியில் விசாரிப்பவர்களின் கேள்விகள் பாதியாகக் குறையும் அல்லவா? மீதிப் பாதிக்கு, "சம்பந்தி மரைன் செக்டர். எக்ஸ்போர்ட்" என்று ஒரு பதில் தயாராக இருந்தது.

"ஏனப்பா பொய் சொல்லுறீர்?" என்று கேட்டார் கணவர் வரதராஜா.

"என்ன பொய்? பிடிக்கிற றாலை விக்கிறார்தானே?"

"அப்பிடிப் பாத்தா, செவ்வாய்க்கிழமையில நான் குப்பை வாளியை றோட்டில வைக்கிறதும் எக்ஸ்போர்ட்தான்."

மருமகளை ஊருக்குக் காட்டவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கமலினி ஆட்களை அழைத்தாள். அதற்கு முதற்கிழமை வீட்டுக்கு வந்த ஹிமேனா, விருந்தின் முதல் தட்டைத் தானே செய்யப்போவதாகச் சொன்னாள்.

"'அகுவாசிலே' செய்வேன், அன்ரி. எங்கள் வீட்டுச் சாப்பாடு."

"அதென்ன சாமான்?"

இளங்கீரன் விளக்கினான். "மிளகாய்த் தண்ணி, அம்மா. பச்சை றாலைத் தேசிக்காய்ப் புளியிலயும் மிளகாயிலயும் ஊறவிடுறது."

"ஊறவிட்டுப்போட்டு அவிக்கிறதோ, பொரிக்கிறதோ?"

"ரெண்டும் இல்லை. புளியே அவிச்சுப்போடும்."

அது சினலோவா என்ற மாநிலத்துச் சாப்பாடு என்றும், அங்கே கடற்கரையில் மசாத்லான்தான் தன் ஊர் என்றும் ஹிமேனா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். விடியற்காலையில் வலையை இழுத்து முடித்ததும் தகப்பன் வள்ளத்திலேயே இறாலை உரித்து, மிளகாயைக் கல்லில் நசுக்கி, எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு எல்லோரையும் கூப்பிடுவாராம். சொல்லும்போது பெண்ணின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கமலினியின் முகம் வாடிக்கொண்டே போனது. பச்சை இறாலைக்கூடச் சமாளிக்கலாம். அதோடு வால்போலத் தொங்கிக்கொண்டு வரும் இந்த வள்ளத்துக் கதையை எப்படிச் சமாளிப்பது?

"அண்டைக்கு எங்களுக்கு விரதம், மேனகா," என்றாள் சட்டென்று.

"ஆட்டிறைச்சி ரோல்ஸ் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்களே, அம்மா," என்றான் இளங்கீரன்.

விரதம் அந்த இடத்திலேயே முறிந்தது. கமலினி வேறு வழியில்லாமல், "சரி, செய். ஆனால் கதை ஒன்றும் வேண்டாம், வருகிறவர்கள் பசியோடு வருவார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஹிமேனா அதை ஒரு பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குசினி அவள் கைக்குப் போய்விட்டது. இறாலை முதுகில் கீறி, நரம்பை எடுத்து, இரண்டாக விரித்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டாள். சாம்பல் நிறத்தில் கிடந்த இறால் கண் முன்னாலேயே வெளுத்து, ஓரங்களில் சிவந்தது. மசாத்லானின் குட்டிக் காட்டுமிளகாய் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, கமலினி சாடியில் வளர்த்த கொச்சிக்காயைப் பிடுங்கி, கொத்தமல்லி இலையோடு அரைத்து ஊற்றினாள். மெல்லிசாகச் சீவிய வெள்ளரிக்காயும் ஊதா வெங்காயமும் மேலே விழுந்தன. வாசம் கூடம்வரை போனது. கமலினிக்கும் வாயூறியது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டவர்கள் மத்தியானம் ஆட்டிறைச்சி ரோல்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவள் பாலேஸ்வரி. ரோவிலில் கமலினிக்கு வாய்த்த ஒரே சரியான போட்டி. கமலினி கார் மாற்றினால் அவள் வீடு மாற்றுவாள். கணவர் சபாரத்தினத்தை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, அவள் நேரே மருமகளிடம் போனாள்.

"வடிவாயிருக்கு, பிள்ளை. இது எங்க பழகினது?" என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்டாள், தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே.

இந்தக் கேள்விக்காகத்தான் ஹிமேனா ஒரு கிழமையாக ரயிலில் இளங்கீரனிடம் தமிழ் படித்திருந்தாள். நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, பிழையில்லாமல் சொன்னாள்:

"என்ட அப்பா செய்யிறது. அவர் றால் பிடிக்கிறவர். அப்பப்பாவும் அப்பிடித்தான். நாங்கள் மீன்பிடிக்கிற ஆக்கள்!"

'ஆக்கள்' என்றால் மனிதர்கள் என்றுதான் இளங்கீரன் சொல்லிக்கொடுத்திருந்தான். பாவம், அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

கூடத்தில் பேச்சு நின்றது.

"ஓ... மீன்பிடிக்கிற ஆக்களோ?" என்று பாலேஸ்வரி அந்த வார்த்தையை மட்டும் எடுத்து, சப்பிப் பார்ப்பதுபோலச் சொன்னாள். பிறகு திரும்பி, "எக்ஸ்போர்ட் எண்டெல்லோ சொன்னனீங்கள், கமலினி?" என்று கேட்டபடி தட்டை மேசையில் வைத்தாள். "எனக்கு உந்தப் பச்சைச் சாமானுகள் ஒத்துவாறதில்லை."

தஸ்மேனியாவுக்குச் சுற்றுலா போய், பச்சைச் சிப்பியை வாய்க்குள் வழுக்கவிடும் படத்தை முகநூலில் போட்டவள் அவள். அவளைப் பார்த்து மற்றத் தட்டுகளும் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின. ஒருவருக்குக் கொலஸ்ட்ரோல். ஒருவருக்குக் கிருமிப் பயம். இன்னொருவர் ஒரு காரணமும் அகப்படாமல், சும்மா வயிற்றைத் தடவிக் காட்டினார். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் இறால் சாப்பிடாத ஆள் ஒருவரும் இல்லை. இறாலைக் கடலிலிருந்து யாரோ ஒருவன் பிடிக்கத்தான் வேண்டும் என்பது மட்டும் இன்றைக்குத்தான் தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

பாலேஸ்வரியின் உதட்டோரத்துச் சிரிப்பைக் கமலினி பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேரைப் பார்த்து அவளே சிரித்தது அது. தன் பக்கம் திரும்பி வரும்போது அது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அவளுக்கு வெட்கம் வந்தது என்று எழுதினால் கூடுதலாகப் புகழ்ந்ததாகிவிடும். வந்தது கோபம். அதுவும் நியாயத்துக்காக வந்த கோபம் இல்லை. பாலேஸ்வரி தன் வீட்டில் நின்று, தன் மருமகளின் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாளே என்ற கோபம்.

விறுவிறென்று போனாள். பாலேஸ்வரி வைத்த அதே தட்டை எடுத்தாள். பெரிய இறாலாகப் பார்த்து வாயில் போட்டாள்.

முதலில் குளிர்ச்சி. பிறகு புளிப்பு. அதற்குப் பின்னால் இறாலின் இனிப்பு. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து முடிப்பதற்குள் கொச்சிக்காய் வந்தது. காது அடைத்தது. மூக்கு ஒழுகியது. கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது. துப்பலாம் என்றால் எதிரில் பாலேஸ்வரி நிற்கிறாள். விழுங்கினாள். இன்னொன்றை எடுத்து அதையும் விழுங்கினாள்.

"அன்ரி அழுறா!" என்று ஹிமேனா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

கமலினியால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "எங்கட சம்பந்தி வீட்டுச் சாப்பாடு," என்று மட்டும், மூச்சு வாங்க வாங்க, கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். கேட்டவர்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

சபாரத்தினம் கதிரையைவிட்டு எழும்பினார். மனைவி பார்த்த பார்வையைக் காணாதவர்போலக் கோப்பைக்குள் கரண்டியை விட்டார். "ஐயோ, திறமான சாமான்!" என்று வியர்த்துக் கொட்டியபடி மறுபடியும் விட்டார். அதன்பிறகு கொலஸ்ட்ரோல் வந்தது. கிருமி வந்தது. வயிற்றைத் தடவியவர் அடித்தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார். பாலேஸ்வரி மட்டும் ஒரு மூலையில் ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையிடி என்று எல்லோருக்கும் முதல் கிளம்பினாள். சபாரத்தினத்தைக் காருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது.

எல்லோரும் போனபிறகு குசினியில் ஹிமேனா கேட்டாள், ஆங்கிலத்தில், அமைதியாக.

"அன்ரி, நான் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் ஏன் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்? என் தமிழ் பிழையா?"

இளங்கீரன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல், உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். வரதராஜாவுக்கு உடனடியாக முற்றத்துப் பூக்கன்றுகளின் ஞாபகம் வந்தது. அவர் வெளியே போய்விட்டார்.

யார் என்ன ஆக்கள் என்று உலகத்துக்கே பாடம் எடுக்கக்கூடிய கமலினி, எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை ஆங்கிலத்திலும் இருந்தது. அதை இந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"தமிழ் சரிதான், பிள்ளை. உறைப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

"அவர்கள் சாப்பிடுவதற்கு முன்னமேதானே பேச்சு நின்றது?"

கமலினி தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். ஹிமேனா கையை நீட்டி அதை மூடினாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பதில் வரும்வரை எழும்புவதில்லை என்பதுபோல, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.