சொல்லிவிட்டுப் போனவர்கள்

கும்பகோணத்துக் கல்யாணத்திலிருந்து திரும்பிய கல்யாணராமன், வீட்டுப் பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஏட்டு சுபலட்சுமியின் மேஜை முன்னால் நின்று அவள் முகத்தையே பார்த்தார்.

"உங்ககிட்ட சொல்லிட்டுத்தானேம்மா போனோம்?"

வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால், ரோந்துப் போலீஸ் அந்த வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளும். வெண்மதி நகர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே சுபலட்சுமிதான். இப்போது அந்த நகரில் மூன்றாவது வீடு. பட்டப்பகலில், எல்லாரும் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் நடந்திருந்தது. மூன்று வீட்டுக்காரர்களும் சொல்லிவிட்டுப் போனவர்கள். சொல்லாமல் போனவர்கள் வீட்டில் ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை.

கல்யாணராமனுக்குப் பின்னால் நின்ற, முன்பே பறிகொடுத்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஆண்டிச்சாமி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "வீடு பூட்டியிருக்குன்னு யார் யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும் ஐயா. ரோந்து போற சிவக்குமாருக்குத் தெரியும். அம்புட்டுதேன்."

"சிவக்குமாருக்கு எந்த ஊரு?"

"எழுமலைங்கய்யா."

"ம்... அந்தப் பக்கமா."

அந்த 'ம்' சுபலட்சுமிக்குப் புதிதல்ல. அவளுக்குச் சொந்த ஊர் எழுமலைக்குப் பக்கத்து உசிலம்பட்டி. திருட்டு என்றாலே அந்தப் பக்கத்து ஆட்களைச் சந்தேகப்படுவது போலீஸில் பழைய வழக்கம். வேலையில் சேர்ந்த புதிதில் ஊர்ப் பேரைச் சொன்னதும் எத்தனையோ அதிகாரிகள் அப்படி இழுத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் உள்ளுக்குள் எரியும். இன்று அந்த 'ம்' தன் பக்கம் திரும்பாமல் போனதில் ஒரு நிம்மதி வந்தது. அப்படி வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

சிவக்குமார் நல்ல பையன்தான். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாடி அறையில் குடியிருந்தான். "அக்கா, ரவுண்ட்ஸ் போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் வண்டியை எடுக்கமாட்டான். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால், நேற்றுவரை சும்மா தெரிந்ததெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. அவன் ஏன் போன் வந்தால் வேப்பமரத்தடிக்குப் போகிறான்? அவள் கிட்டத்தில் போனால் ஏன் குரலைத் தணிக்கிறான்?

மறுநாள் கல்யாணராமன் வீட்டில் கைரேகை எடுக்கும்போது கிரீஷ் வந்தான். அடுத்த தெருவில் மாடியில் தனியாகக் குடியிருப்பவன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. நகர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவது அவன்தான். ஒவ்வொரு திருட்டின்போதும் போலீஸ்காரர்களுக்கு பிளாஸ்க்கில் காபி கொண்டுவருவான், பெரியவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அலைவான். அன்று சுபலட்சுமியிடம் டம்ளரை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரோந்து வர்றாரே, அவர் பூட்டின வீட்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னு போன் பேசுறாரு. யார்கிட்டன்னு தெரியல. எனக்கென்னமோ... வேணாம், விடுங்க."

அவன் விட்டுவிட்டான். அவளால் விட முடியவில்லை. அன்றே இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னாள்.

செல்லூர் அறையைச் சோதனை போட்டார்கள். எழுமலைக்கும் ஒரு ஜீப் போனது. சிவக்குமாரின் அம்மா செல்லத்தாய் வாசலில் நிற்க, தெருவே கூடிப் பார்க்க, அரிசிப் பானை வரைக்கும் கவிழ்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. அவன் போனில் பேசியது முத்துச்செல்வி என்ற பெண்ணோடு. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பெண், ஆவணியில் அவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்திருந்தார்கள். ஜீப் வந்த செய்தி அந்த ஊருக்குப் போனதும், பெண்ணின் அப்பா பேயாண்டி, கொஞ்ச நாள் போகட்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

ஒன்றும் சிக்காவிட்டாலும் சிவக்குமாரை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். துணிப்பையோடு கிளம்பியவன் அவள் மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு திருட்டு நின்றுபோனது. "பாத்தியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். சுபலட்சுமியும் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஒரு நாள் பட்டு மாமியிடம், அதாவது கல்யாணராமனின் மனைவியிடம், நகைகளின் அடையாளம் கேட்கப் போயிருந்தாள். மாமி பழைய போட்டோக்களைப் போனில் தேடினாள். வளையலைத் தேடி விரல் ஓடிக்கொண்டிருக்க, நடுவே ஒரு படம் வந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் சிவக்குமார், தொப்பியும் சிரிப்புமாக.

"இது என்னம்மா?"

"எங்காத்து வாசல்தான். நாங்க கும்பகோணத்துல இருக்கறச்சே அந்தப் பிள்ளை தினம் காலம்பற இப்படி ஒண்ணு குரூப்ல போடுவார். 'வீடு பத்திரமா இருக்கு'ன்னு. பார்த்தா மனசுக்குத் தெம்பா இருக்கும். அவரைப் போய் மாத்திட்டேளாமே?"

அந்தக் குழுவில் இல்லாத சுபலட்சுமி, போனை வாங்கித் தள்ளிப் பார்த்தாள். முதல் வீட்டுக்கும் படம் இருந்தது. இரண்டாவது வீட்டுக்கும் இருந்தது. ரோந்து நடப்பது ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று குழுவில் படம் போடச் சொன்னது இன்ஸ்பெக்டர்தான். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதைப் போலீஸே ஊர் முழுக்கத் தண்டோரா போட்டிருக்கிறது. சிவக்குமார் போனதும் படம் நின்றது. படம் நின்றதால் திருட்டும் நின்றது.

அவள் போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடிம்மா, முகம் ஒரு மாதிரி போயிடுத்து? தீர்த்தம் தரட்டுமா?" என்றாள் மாமி.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னது தன் யோசனையைப் பற்றி என்பதால் இன்னும் கோபம். "அப்ப குரூப்ல இருக்க அத்தனை பேரையும் சந்தேகப்படணுமா?"

"ஆமாங்கய்யா. சிவாவ மட்டும் சந்தேகப்பட்டோம்ல?"

நகரின் கடைசித் தெருவில் மாதங்கி என்றொரு டீச்சர் இருந்தாள். விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னார்கள். அவள் அக்கா வீட்டுக்குப் போகிற மாதிரி பெட்டியோடு ஆட்டோ ஏறினாள். சிவக்குமாருக்குப் பதில் ரோந்துக்கு வந்த சோலை, கேட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டான். மறுநாள் காலையிலேயே சுபலட்சுமி, இன்ஸ்பெக்டர், சோலை மூன்று பேரும் பின்பக்கமாக உள்ளே போய், வெளியே பூட்டுப் போடவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள், வெயில் உச்சியில் நின்ற நேரத்தில், கொல்லைப்புறச் சுவரில் காலுரசும் சத்தம் கேட்டது. சுபலட்சுமி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். யாராக இருக்கும் என்று அந்த நகரில் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பால்காரன், இஸ்திரி போடுகிறவன், கேபிள்காரன். அந்த வரிசையில் வசதியான முகம் ஒன்றுகூட வரவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கடப்பாரை நுழைந்து கதவுக் கொண்டி பெயர்ந்து விழுந்தது. அரைக்கால் சட்டையும் தோளில் லேப்டாப் பையுமாக உள்ளே வந்தவன் அவளைப் பார்த்து நின்றான்.

கிரீஷ்.

"மேடம்... கதவு திறந்திருந்துச்சு. என்னன்னு பாக்கலாம்னு வந்தேன்" என்றான். கடப்பாரை இன்னும் கையில்தான் இருந்தது.

மூன்று வீட்டு நகையில் முக்கால்வாசி அவன் மாடியில், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஆன்லைன் ரம்மி என்றான். ஜீப்பில் ஏறும்போதுகூட, "நான் ஓடிரமாட்டேன் மேடம், விலங்கு வேணாமே. அக்கம்பக்கம் பாக்குறாங்க" என்றான். எழுமலையில் தெருவே கூடி நின்றது அவளுக்கு நினைவு வந்தது. விலங்கை அவளே மாட்டினாள்.

பேப்பரில் இன்ஸ்பெக்டர் படம் வந்தது. சிவக்குமார் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தான். ஒருத்தரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சுபலட்சுமி மட்டும் கேட்டாள். "விடுங்க, டூட்டில இதெல்லாம் சகஜம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினாள். லீவு நாளில் எதற்கு யூனிபார்ம் என்று வீட்டில் கேட்டார்கள். ஊர் பார்க்கட்டும் என்றாள்.

பேயாண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "அவன் பேர மொத மொதல்ல சொன்னது யாரு?" என்றார்.

"நாந்தேன்யா."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நம்ம ஊருக்காரப் பொண்ணு. நீயே அப்படி நெனச்சா, எனக்கு மட்டும் எப்படித்தா நம்பிக்கை வரும்?"

அப்போது வீட்டுக்குள்ளிருந்து முத்துச்செல்வி வெளியே வந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன், அவரு அப்படிச் செய்யமாட்டாருன்னு. இந்த வீட்டுல யாரும் காதுல வாங்கல. ஜீப்பு வந்துச்சுன்னதும் எல்லாரும் நம்பிட்டீக." அப்பாவைப் பார்த்துச் சொன்னாளா, இவளைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சிவக்குமார் ஸ்டேஷனில் எல்லாருக்கும் பத்திரிகை வைத்தான், அவளுக்கும் வைத்தான். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை, வெண்மதி நகரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். திருப்பதி போகிறாராம். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர், வாயைத் திறக்கும் முன் ஸ்டேஷனைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். சிவக்குமார் அதைக் கவனித்தான். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போனான்.

"சிவா, உள்ள வா. நீயும் கேட்டுக்க."

"இல்ல மேடம். நான் வெளியவே நிக்கிறேன். அப்புறம் ஏதும்னா எனக்குத் தெரியாதுன்னு இருக்கட்டும்."

பெரியவர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். சுபலட்சுமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வாங்க சார். உங்க வீட்டப் பாத்துக்கப் போறது அவருதான். விலாசத்த அங்கயே வந்து சொல்லுங்க."

பெரியவர் தயங்கினார். அவள் வாசலில் போய் நின்று, அவர் எழுந்து வரும்வரை காத்திருந்தாள். சிவக்குமார் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் வந்து, கதவு எண்ணையும் தெருவையும் சொன்னபோது திரும்பினான். பேனாவை வெளியே எடுத்து, "திரும்பச் சொல்லுங்கய்யா" என்றான்.