கால் விலை

ஏலம் முடிய இரண்டு நாள் இருந்தபோது எங்கள் மேசையை நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அந்த ஏலத் தளத்தில் பொருளின் படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கண் இருக்கும், பக்கத்தில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்ற எண். காலையில் முப்பத்தெட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் முப்பத்தொன்பது, மாலை வகுப்புக்குப் போகும் பேருந்தில் நாற்பத்தொன்று. கடைக் கண்ணாடிக்கு வெளியே கூட்டமாக நின்றுகொண்டு, கதவைத் தள்ளி உள்ளே வர மட்டும் யாருக்கும் மனம் வராததுபோல இருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று விளம்பரத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அக்காவுக்கு இது ஒன்பதாவது மாதம். வீட்டில் இரண்டே அறை. உள் அறையில் அக்காவும் மாமாவும் படுக்கும் கட்டில் போக ஒருவர் திரும்பி நிற்கத்தான் இடம். முன்னறையில் மேசையும் நானும். எட்டுப் பேர் உட்காரும் மேசை அது. மூடிப்போன ஒரு கேன்டீனின் சாமான்களை விற்றபோது மாமா ஆசைப்பட்டு வாங்கியது. நான் இரவில் அதற்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறேன். குழந்தைக்கான கட்டில் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. போன வாரம் அக்கா துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “மேசை போகலன்னா நீ கொஞ்ச நாளைக்கு ஹாஸ்டல் பாத்துக்கோடா. எனக்கு வேற வழி தெரியல.” சொல்லிவிட்டு, மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஹாஸ்டல் என்றால் ஊரின் அந்தக் கோடி. வகுப்பு முடிந்தபிறகு அங்கே போகப் பேருந்து கிடையாது, அதனால் வகுப்பை விடவேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், குழந்தை வந்தால் நான் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆளாகிவிடுவேன். நாட்குறிப்பில் ‘மேசையா, நானா’ என்று எழுதி அடியில் கோடு போட்டேன். இந்த வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்தது மேசைதான் என்பதையும் நேர்மைக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

உண்மையில் இது இரண்டாவது ஏலம். முதல் ஏலத்தில் ‘ராஜாளி’ என்ற பெயர்கொண்டவர் ஜெயித்தார். அன்று மாமா இனிப்பு வாங்கிவந்தார். அதற்குப் பிறகு ராஜாளி பறந்துவிட்டது. நான்கு செய்தி அனுப்பினேன், மூன்றாவதில் எதற்கென்றே தெரியாமல் மன்னிப்பும் கேட்டிருந்தேன். நான்கு நாள் காத்திருந்தால்தான் மறுபடி ஏலம் போடமுடியும் என்றது தளம். நான் எழுதியது போதாமல்தான் இப்படி ஆயிற்று என்று தோன்றியது. மாலை வகுப்பில் இயந்திரப் படம் வரையக் கற்றுக்கொள்கிறேன். ஆகவே மேல் தோற்றம், முன் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றையும் அளவோடு வரைந்து சேர்த்தேன். பதினொரு கீறல்களின் நீளத்தைத் தனித்தனியாகக் குறித்தேன். சூடான பாத்திரம் வைத்த வட்டக் கறை இரண்டு. புதிய மேசை விலையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து ஏலம் தொடங்குவதால், தலைப்பில் ‘சாப்பாட்டு மேசை, கால் விலை’ என்று போட்டேன்.

மாமா டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர். விரல் இடுக்கில் காய்ந்த சிமெண்டோடு என் கைபேசியை வாங்கி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

“மாப்ள, இது விளம்பரமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா?”

“உண்மையத்தானே மாமா எழுதியிருக்கேன்.”

“உண்மைதான். படிக்கிறவனுக்கு மேசை மேல பரிதாபம் வருது. வாங்கணும்னு வரமாட்டேங்குதே.”

கேள்விகள் மட்டும் வந்தன. நாற்காலி சேருமா? இதே மேசை நீல நிறத்தில் உண்டா? கடைசி விலை சொல்லுங்கள். ஏலத்தில் கடைசி விலையை நான் எப்படிச் சொல்ல முடியும் என்று ஒன்றரைப் பக்கம் விளக்கினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. வியாழக்கிழமை வகுப்பு இடைவேளையில் கைபேசியை எடுத்தபோது திரையில் ‘சுருக்கம் இல்லை’ என்று இருந்தது. சுருக்கென்றது. முப்பத்துநான்கு வரிகளை அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்பது வரிகளாக வெட்டினேன். அளவுப் படங்களை நீக்க மட்டும் கை வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, ‘சுருக்கம் இல்லை’ என்பது அனுப்பியவர் தளத்தில் வைத்திருந்த பெயர். செய்தி அதற்குக் கீழே இருந்தது: ‘கால் என்ன விலை?’

கால் என்பது நான்கில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. ‘அது புரியுது தம்பி. கால் என்ன விலை?’

வீட்டுக்கு வந்து அக்காவிடம் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். “டேய், அவங்க காலக் கேக்குறாங்கடா. மேசைக் கால.”

சனிக்கிழமை மாலை அவர் நேரிலேயே வந்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி. தோளில் ஒரு துணிப்பை. துணி தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாராம், ‘சுருக்கம் இல்லை’ கடையின் பெயர். அதே கேன்டீனிலிருந்து அவரும் ஒரு மேசை வாங்கியிருந்தார். அதன் ஒரு காலைக் கரையான் தின்றுவிட, செங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்திருக்கிறார். “இஸ்திரிப் பெட்டிய அழுத்தித் தேய்ச்சா மேசை மெதுவா வாசலப் பாத்து நடக்குது தம்பி. சாயங்காலத்துக்குள்ள நானும் மேசையும் ரோட்டுல நிக்கிறோம்.”

“முழு மேசையா எடுத்துக்கங்களேன்” என்றேன்.

“ரெண்டு மேசைய வெச்சா நான் எங்க நிக்கிறது? ஒரு கால் போதும்.”

“மூணு கால் மேசைய நான் யாருக்கு விக்கிறது?”

“அத நீங்கதான் யோசிக்கணும். ஆனா படம் நல்லாப் போட்டிருந்தீங்க. அந்த அளவப் பாத்துத்தான் இது எங்க மேசைக்குக் கூடப்பொறந்ததுன்னு கண்டுபிடிச்சேன்.” பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, அனுமதிக்குக் காத்திராமல் மேசைக்கு அடியில் நுழைந்தார். என் படத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து கிரீச் கிரீச் என்று சத்தம். ஒரு போல்ட் உருண்டு வந்து அக்காவின் காலருகே நின்றது.

“இது கழலுமா?” என்றாள் அக்கா.

“கழலாம? லாரியில வேற எப்படி ஏத்துவான்?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு வருஷமா இதுக்கு அடியிலதானே படுக்கிற?”

“பதினாறு போல்ட் இருக்குன்னு தெரியும்” என்றேன். “எண்ணியிருக்கேன்.”

மேசைக்கு அடியில் சிரிப்பு கேட்டது. பிறகு ஒரு கை நீண்டு, பலகையைத் தாங்கிப் பிடிக்கும்படி என்னிடம் சைகை செய்தது. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் மூன்று காலில் மேசையை நிறுத்திவைக்கக் கூடாது என்று மற்ற மூன்றையும் அவரே கழற்றினார். கடைசிக் கால் வரும் நேரத்துக்கு மாமா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மறுமுனையைப் பிடித்தார். பலகையைச் சுவரில் சாய்த்தோம். நான்கு விரல் கனம்தான். மூன்று கால்களும் உள் அறைக் கட்டிலுக்கு அடியில் போயின. காலுக்கு என்ன விலை என்று அவர் மூன்றாம் முறையாகக் கேட்டபோது நான் காகிதம் தேடினேன். “கழட்டுன கூலிக்குச் சரியாப் போச்சுக்கா, எடுத்துட்டுப் போங்க” என்றார் மாமா. அந்த அம்மா காலைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்து போனார்.

முன்னறை வேறு யாருடைய வீடோபோல இருந்தது. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. ஏலத்தை நிறுத்தினேன். அப்போது ஐம்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை போகவும் இல்லை, இருக்கவும் இல்லை, அப்படியானால் நான் என்ன ஆவது என்று கேட்க வாய்வரை வந்தது.

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்து மண்டியிட்டார். ஜன்னலை ஒட்டி, காற்று நேராக முகத்தில் அடிக்காதபடி, தரையில் ஒரு கட்டம் வரைந்தார். “குழந்தைக்கு” என்றார். எழுந்து, கண்ணைச் சுருக்கி, மீதித் தரையைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

“மாப்ள, இங்க வந்து படு.”

“எதுக்கு மாமா?”

“அளவு வேணும்ல. படு.”

படுத்தேன். தரை குளிர்ந்திருந்தது. தலைக்கு மேலே சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. “கால நீட்டுடா, ஏன் மடக்கி வெச்சிருக்க?” என்றாள் அக்கா. நீட்டினேன். பாதத்துக்கு அப்பால் நாலு விரல் தள்ளி மாமா கோடு போட்டார். “இனிமே வளரமாட்ட. இருந்தாலும் இருக்கட்டும்.”

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி, ஜன்னலோரக் கட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்தாள். சுவரில் சாய்ந்து வீங்கிய கால்களை நீட்டினாள். அவை கோட்டை அழித்துக்கொண்டு என் கட்டத்துக்குள் வந்து கிடந்தன. குதிகாலில் வெள்ளையாகச் சாக்பீஸ் தூள். நான் நகராமல் படுத்திருந்தேன்.