ஆளுக்குப் பாதி வாய்

“அது என் பக்கம். கைய எடு.”

ஈரத்துணியால் அம்மாவின் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவளின் மணிக்கட்டை அண்ணன் பிடித்து நிறுத்தினான். அம்மாவின் உயிர் போய் உடம்புகூட முழுசாகச் சில்லிடவில்லை. துணி மாற்றுவதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி, அதில் அப்பா, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“செத்துப்போனவகிட்டயும் பக்கமா? வெக்கமா இல்ல உனக்கு?”

“நான் எதுக்கு வெக்கப்படணும்? சுத்தம் பண்றேன், சுத்தம் பண்றேன்னு மிஷின வெச்சு ஊதிட்டுப் போனவ நீ. அம்மாவக் கொன்னதே உன் பக்கம்தான்.”

அண்ணனும் தங்கையும் பல் டாக்டர்கள். கிளினிக் ஒன்று, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. ஈறுக்குள்ளே பல்லின் வேரில் படிகிற காரையை அண்ணன் கையால்தான் எடுப்பான். வளைந்த நுனி வைத்த கருவியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுரண்டுவான். மிச்சம் இருந்தால் விரலுக்குத் தெரியும், மிஷினுக்கு என்ன தெரியும் என்பான். சின்னவளிடம் இருந்தது அல்ட்ராசோனிக் மிஷின். நுனி அதிரும், தண்ணீர் பீய்ச்சும், பாதி நேரத்தில் வேலை முடியும். “நீ காரையோட சேத்து வேரையும் சீவற. அது பல்லா, பென்சிலா?” என்று தடுப்புக்கு மேலே எட்டிக் கேட்பாள். பேஷண்டுகள் வாயைப் பிளந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு ஈறு கெட்டபோது யார் வைத்தியம் பார்ப்பது என்று வீடு இரண்டுபட்டது. “ஆளுக்குப் பாதி எடுத்துக்கங்க! சாப்பிடற நேரத்துக்கு மட்டும் வாய என்கிட்ட குடுத்துடுங்க,” என்று அம்மாதான் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். விளையாட்டாகச் சொன்னது. இந்த இரண்டும் அதை அப்படியே பிடித்துக்கொண்டன. வலது பக்கம் அவனுடைய கை, இடது பக்கம் இவளுடைய மிஷின். அவ்வப்போது ஈறுக்குள் விட்டு ஆழம் பார்க்கிற கம்பி அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் குற்றம் தேடுவார்கள்.

இன்று காலையில் பெரிய டாக்டர், வாயிலிருந்த கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது என்று சொன்னார். “பல்லுல ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். கர்மம், அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னவளுக்கு அப்போதிலிருந்து ஒரே கேள்விதான். என்னாலா? அது ஒன்று தெரிந்தால் போதும். தன் பக்கம் இல்லை என்று ஆகிவிட்டால், அப்புறம் உட்கார்ந்து ஆசைதீர அழலாம்.

கைப்பையிலிருந்து வாய்க்கண்ணாடியையும் அளவுகோலையும் எடுத்தாள். போனில் விளக்கைப் போட்டாள்.

“எதுக்கும்மா இப்போ?” என்றார் அப்பா.

“ஒரு நிமிஷம்ப்பா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.”

அண்ணனின் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். கடைவாய்ப் பல்லிலிருந்து ஒவ்வொன்றாக. சீழ் இருக்கும், இருக்க வேண்டும் என்று தேடினாள். ஈறு இறுகிப் பல்லோடு ஒட்டியிருந்தது. அளவுகோல் உள்ளே இறங்கவே இல்லை. பாவி, ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கண்ணாடியைப் பிடுங்கினான். அவளுடைய பக்கத்தைக் குனிந்து குனிந்து பார்த்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“என்ன இருக்கு? சொல்லித் தொலையேன்.”

“ஒண்ணுமில்ல,” என்றான். “சுத்தமாத்தான் இருக்கு.”

கண்ணாடியை வெளியே எடுக்கும்போது வெளிச்சம் கீழ் முன்பற்களின் பின்புறத்தில் விழுந்தது. நாக்குக்கு அடியில் எச்சில் ஊறும் இடம். காரை முதலில் சேர்வது அங்கேதான் என்பது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். நட்டநடுவில், இரண்டு பக்கத்துப் பற்களையும் சேர்த்து, பழுப்பாக ஒரு சுவர் எழும்பியிருந்தது. ஈறு வீங்கி நீலம் பாரித்திருந்தது. அவன் விரலால் லேசாக அழுத்தினான். சீழ் வந்தது.

“இது உன்னுது,” என்றான். குரலில் பழைய திமிர் பாதிதான் இருந்தது.

“நீதான முன்பல்லுல மிஷின் பட்டா கூசும், நான் பாத்துக்கறேன்னு சொன்ன?”

“முன்பல்ல சீவிடாத, தொடாதேன்னு கத்தினது யாரு?”

இரண்டுமே நடந்ததுதான். ஆனால் அவள் இந்தச் சுவரை இன்றைக்குப் புதிதாகப் பார்க்கவில்லை. மாதக்கணக்காகவே பார்த்திருக்கிறாள். அண்ணன் விட்டுவைத்த லட்சணத்தைப் பார், இன்னும் கொஞ்சம் வளரட்டும், ஒரு நாள் நாலு பேர் முன்னால் அவன் மூஞ்சியில் வீசலாம் என்று பத்திரமாக வைத்திருந்தாள். தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவனும்தான் என்று தெரிந்துவிட்டது.

“பல் தேய்க்கும்போது ரத்தம் வருதுன்னு உங்கம்மா சொன்னா,” என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி. “யார்கிட்ட காட்டட்டும்னு என்னக் கேட்டா.”

“நீங்க என்னப்பா சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? இவன்கிட்டப் போனா நீ மூஞ்சியத் தூக்குவ. உன்கிட்ட வந்தா இவன் வீட்டுப் பக்கமே வரமாட்டான். உப்புத் தண்ணியில கொப்பளிச்சுக்கறேன்னா. சரின்னுட்டேன்.”

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. வந்த வேகத்தில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“குத்துக்கல்லாட்டம் இருந்தாளேடா! ரெண்டு டாக்டரப் பெத்து வெச்சிருக்காளே. எதனால போனா? என்னன்னு சொன்னாங்க?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

“ஹார்ட், அத்தை,” என்றான்.

“ஆமா அத்தை,” என்றாள் அவள். “ஹார்ட்தான்.”

அப்பா நாற்காலியில் அசையாமல் இருந்தார். அம்மாவின் வாய் இன்னும் திறந்தே கிடந்தது. அண்ணன் தாடையைத் தூக்கிப் பிடித்தான். அவள் துணியைக் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் கொண்டுவந்து கட்டினாள். முடிச்சு நழுவியது. அவன் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டான்.