மேட்டுத் தெரு மோட்டார்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருக்கும் என் மனைவி, பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "காதல், சாவு, மழைன்னு என்னென்னவோ எழுதறீங்க. தண்ணி மேல ஏறி வர்றதுக்கு எவ்வளவு கரண்ட் போகுதுன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை. எழுதினால் எவன் படிப்பான் என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 'நகரம் உறங்கிக்கொண்டிருந்தபோது அந்த ராட்சத பம்பு மட்டும் அழுதுகொண்டிருந்தது.'

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பம்பு அழாதாம். பேரிங் போனால் சத்தம் போடும், அவ்வளவுதானாம்.

(அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். நான் பட்ட பாடு உங்களுக்கும் தெரியட்டும்.)

2

இரண்டாவது தொடக்கம், அவள் சொல்லச் சொல்ல எழுதியது.

நீரேற்று நிலையத்தில் ஒரு பெரிய பம்பு இருந்தது. ஊர் வளரும் என்று நம்பித் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிட்டார்கள். முழுசாகத் திறந்துவிட்டால் குழாய்கள் வெடிக்கும். எனவே வால்வைப் பாதி மூடிவிட்டுப் பம்பை மட்டும் முழு மூச்சாக ஓட்டினார்கள். ஒரு காலால் ஆக்சிலேட்டரையும் மறு காலால் பிரேக்கையும் மிதித்தபடி வண்டி ஓட்டுவதுபோல. பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் வால்வின் சக்கரத்துக்கும் சேர்த்து அடித்ததில், அது பாதியிலேயே ஒட்டிப் போனது. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. பளபளவென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இவள் போய் அந்தப் பெயின்டைச் சுரண்டச் சொன்னாள். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன பம்பை வைக்க வேண்டும் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் சோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: மேட்டுத் தெருவின் கோடியிலுள்ள பொதுக் குழாயிலும் தண்ணீர் விழ வேண்டும். விழாவிட்டால் மறுபடியும் பெரிய பம்பு, பாதி வால்வு.

மின்செலவு சரசரவென்று இறங்கியது. கோடிக் குழாயிலும் தண்ணீர் விழுந்தது. அப்புறம் விதி குறுக்கே வந்து —

("விதி இல்ல, மோட்டார்" என்று சொல்லி அவளே பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டாள்.)

3

பம்பை மாற்றிவிட்டார்களாம், இனி தண்ணீர் வராதாம் என்று தெருவில் யாரோ கிளப்பிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே கிளப்பினார்கள் என்பதுதான் கொடுமை. பயந்துபோன ஒருவர், தெருக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சுகிற மோட்டாரை வாங்கி மாட்டினார். பக்கத்து வீட்டுக்கு வரத்து குறைந்தது, அவரும் மாட்டினார். அதற்கடுத்தவர் சும்மா இருப்பாரா? இப்போது தண்ணீர் விடும் நேரத்தில் தெரு முழுக்க ஒரே உறுமல். நிலையத்தில் அவள் மிச்சம் பிடித்த மின்சாரத்தை இங்கே வீடு வீடாக எரிக்கிறார்கள். கோடிக் குழாயில் காற்றுதான் வருகிறது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். எங்கள் பூதம் வீட்டின் பின்வாசலிலேயே இருந்தது.

ஆமாம், நாங்களும் மேட்டுத் தெருதான். எங்கள் வீட்டில் மாட்டியவர் என் அப்பா. மருமகள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து ஆளைக் கூப்பிட்டு மாட்டி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். உறுமுகிற வாளியை அவள் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

4

இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குத் தகராறு. அப்பாவை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக நகரும். ஆனால் அவர் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எழுந்துபோய் அணைக்கிறவர். மருமகள் கேட்டபோது மழுப்பவும் இல்லை, கத்தவும் இல்லை.

"எல்லாரும் போட்டிருக்காங்கம்மா. நாம மட்டும் எடுத்தா நமக்கு மட்டும்தான் வராது."

"எல்லாரும் எடுத்தா எல்லாருக்கும் வரும் மாமா."

"அப்போ எல்லாரும் எடுக்கட்டும். கடைசியா நான் எடுக்கறேன்."

பதில் சொல்லுங்கள் பார்ப்போம். இதே பேச்சை அவள் ஒவ்வொரு வாசலிலும் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். தனித்தனியாகக் கேட்டால் எல்லார் சொல்வதும் நியாயம். சேர்த்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருக்கும்? எதிர்வீட்டு அம்மாள் ஒரு படி மேலே போய், ஊருக்குத்தான் உபதேசமா, முதலில் உங்கள் வீட்டு வாளியைத் தூக்குங்கள் என்றாளாம். வாளி சமாச்சாரம் தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

நாளைக் காலையில் மேலதிகாரி வந்து கோடிக் குழாயைத் திறந்து பார்க்கப் போகிறார்.

5

முடிவுகள்.

அ. அவள் எங்கள் மோட்டாரைக் கழற்றுகிறாள். அதைக் கண்டு தெருவே மனம் திருந்தி — (வாரியத்தின் ஆண்டு மலருக்கு வேண்டுமானால் அனுப்பலாம்.)

ஆ. கழற்றுகிறாள். வேறு யாரும் கழற்றவில்லை. வறண்ட குழாயின் முன்னால் அப்பா வாளியோடு, அதே வாளியோடு, நின்றுகொண்டு அவளை — (எழுதக் கை வரவில்லை.)

இ. அவள் கழற்றவில்லை. பெரிய பம்பு திரும்பி வருகிறது. வால்வைப் பாதி மூடிப் புதுப் பெயின்டும் அடிக்கிறார்கள். பழைய குருடி கதவைத் திறடி.

மூன்றையும் அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை, அவள் கையில் ஸ்பேனர் இருந்தது. பின்வாசலில் அப்பா அந்த வாளியின்மேலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"எழுதினது போதும். வந்து பைப்பைப் பிடிங்க" என்றாள்.

போய்ப் பிடித்தேன். அப்பா முனகிக்கொண்டே எழுந்து வாளியை நகர்த்தினார். "தண்ணி வரலேன்னா உன் கதையைத்தான்டா குடிக்கணும்" என்றார்.

சட்டையெல்லாம் நனைந்து திரும்பி வந்து இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சத்தமில்லை. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது கேட்கிறது. அது உங்கள் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த வரியை என்னால் எழுத முடியாது.