ஒரு கோட்டு மாப்பிள்ளை

நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கியபோது, மாப்பிள்ளை கிஷோர் மாமல்லபுரம் கடலில், நங்கூரம் போட்ட ஃபைபர் படகில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான்.

உடம்பு அனலாய்க் கொதித்தது. நேற்றுதான் செங்கல்பட்டில் கொரோனாவுக்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டுக்கொண்டான். மாமனாராகப் போகிற சடையனுக்கு நுரையீரல் பலவீனம். தன்னால் அவருக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாதென்றுதான் போட்டான். இப்போது அந்த ஊசியே கொரோனாவைக் கொடுத்துவிட்டதாக நம்பி, கரைக்கும் அதையே கத்திச் சொல்லியிருந்தான். கரைக்குப் போனால் மாமனார் காலி. போகாவிட்டால் நல்ல நேரம் முடிந்து நிச்சயமே காலி.

மணப்பெண் வினிதா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையோரம் வந்து கத்தினாள். ஒன்றும் எட்டவில்லை. அவள் நர்ஸ், அந்தக் குரல் ஒரு வார்டுக்குத்தான் போதும்.

மீன் ஏலம் விடும் வசந்தா கூடையைக் கீழே வைத்தாள். "நீ என் காதுல சொல்லும்மா, நான் அனுப்புறேன்."

பிறகு ஏல ராகத்தில் எடுத்தாள்: "கிஷோரு! ஊசியில கிருமியே இல்லியாம்! சேதி மட்டும்தானாம்!"

"இன்னா சேதி?"

"கிருமி மேல முள்ளு கீதில்ல, அதை மட்டும் செய்யச் சொல்ற சேதி! உன் உடம்பே செய்யுமாம்!"

"முழுக் கிருமியையும் செஞ்சிட்டா?"

"முள்ளை மட்டும் வெச்சிகினு முள்ளம்பேத்தை மீனு செய்வியாடா பேமானி?" இது வசந்தாவின் சொந்தச் சரக்கு.

"அப்ப காய்ச்சலு?"

"உள்ள கீற காவல்காரனுங்க முள்ளைப் பாத்து அடையாளம் கத்துக்கினு கீறானுங்க! ஒத்திகை! நாளைக்கு நெச கிருமி வந்தா சட்டுனு புடிச்சிக்குவானுங்க!"

"சேதி உள்ளயே தங்கிடுமா?"

"கரைஞ்சிடும்! வாட்ஸ்அப்ல தானா அழியுற மெசேஜ் மாரி!"

கரை முழுக்கச் சிரித்தது. கிஷோருக்குத் தலை கிறுகிறுத்தது. காய்ச்சலாலா நிம்மதியாலா, தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. "நெசமாவே கொரோனாவா இருந்தா?"

வினிதா கைப்பையிலிருந்து டெஸ்ட் கிட்டையும் ஒரு மாஸ்க்கையும் எடுத்தாள். கிஷோரின் கூட்டாளி தேவேந்திரன் அவற்றை பிளாஸ்டிக் பையில் கட்டி, பல்லில் கவ்விக்கொண்டு நீந்தினான்.

ரெண்டு கோடு வந்தால் கொரோனா. கிஷோர் மூக்கைக் குடைந்து, சொட்டு விட்டு, சாமி கும்பிட்டுக் காத்திருந்தான்.

"ஒரே கோடு!"

வசந்தாவுக்குத் தொழில் புத்தி கிளம்பிவிட்டது. "ஒரு கோட்டு மாப்ள! சுடச்சுட மாப்ள! யாருக்கு வேணும்? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

வினிதா வெட்கத்தோடு வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தின் பின்னாலிருந்து சடையன், பலவீன நுரையீரலில் இருந்த காற்றையெல்லாம் திரட்டிக் கத்தினார்:

"எனக்கு!"

கிஷோர் போர்வையோடு கடலில் குதித்தான்.