திரும்பி வராத சாவிகள்

வெள்ளம் புகுந்த தெருவிலிருந்து ஒரு சாவிகூடத் திரும்பி வரவில்லை.

தண்ணீர் எட்டிப் பார்க்காத மேட்டுப் பகுதியில் போட்டவற்றில் பாதிக்கு மேல் தபாலில் வந்து சேர்ந்துவிட்டன. சிலர் உறைக்குள் பஞ்சு சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஒருவர், 'இனியாவது பொறுப்பாக இருக்கப் பழகவும்' என்று துண்டுச் சீட்டில் திட்டிக்கூட எழுதியிருந்தார். அந்தத் தெரு மட்டும் மூச்சு விடவில்லை.

ஊரே சேர்ந்து ஓர் ஆபத்தைக் கடந்த பிறகு மனிதர்கள் ஒருவரையொருவர் அதிகம் நம்புகிறார்களா, குறைவாக நம்புகிறார்களா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நேரில் கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்வார்கள். அதனால் அவள் பூட்டுக்கடையில் கழித்துப் போட்ட பழைய சாவிகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு தபால் பெட்டி முகவரியை எழுதிய அட்டையைக் கட்டி, கை தவறி விழுந்ததுபோல இரண்டு இடங்களிலும் போட்டுவிட்டு வந்திருந்தாள். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஒப்பந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு, துறையில் சாவிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது.

"சாவியத் தெருவுல போட்டுட்டு, சாவி வரலன்னு அழறதுக்காடி இவ்வளவு படிச்ச?" என்று அக்கா போனில் சிரித்தாள்.

"அழல. எனக்கு நம்பிக்கை வரல. ஒண்ணுகூடவா வராது?"

"வராட்டி உனக்கென்ன? உன் புரொபசர் சந்தோஷப்படுறாருல்ல? வேலைய நீட்டிச்சாச் சரி."

பேராசிரியருக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு பளிச்சென்ற முடிவு கிடைக்க மற்றவர்கள் தவம் கிடப்பார்கள் என்றார். 'வெள்ளம் அடித்துச் சென்ற நம்பிக்கை' என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அவள் தன் பெயரையும் சேர்க்கச் சம்மதம் சொன்னால் கட்டுரை பத்திரிகைக்குப் போய்விடும். கட்டுரை போனால் வேலை இன்னொரு வருடம் ஓடும். போகாவிட்டால் மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அட்டையில் எழுதிய மை மழையில் கரைந்திருக்குமோ என்ற சந்தேகம் அவளை அரித்தது. சம்மதம் சொல்வதற்கு முன் நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினாள்.

அந்தத் தெருவின் சுவர்களில் ஆள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு இன்னும் போகவில்லை. தெருமுனைத் தையல்கடையின் கம்பிக் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, குழந்தையின் குல்லாய் எல்லாம் அதில் தொங்கின. அவற்றுக்கு நடுவே, நூலில் கட்டி வரிசையாக, அவள் போட்ட சாவிகள். அட்டைகளில் எழுத்து அச்சடித்ததுபோல் தெளிவாக இருந்தது.

"உங்களுதாம்மா? எது?" என்று தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள்.

"இல்ல... சும்மா பார்த்தேன். அட்டையில முகவரி இருக்கே, அனுப்பலையா?"

"தபால் பெட்டிக்கா? அதுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு நமக்குத் தெரியுமா?" தையல்காரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "வெள்ளத்தப்ப மிதந்து வந்ததையெல்லாம் பொறுக்கித் தாலுக்கா ஆபீஸ்ல கொடுத்தோம். போன பொருள் போனதுதான். அப்புறம் தெருவே கூடிப் பேசிருச்சு. கிடைக்கிறது எதுவும் தெருவ விட்டு வெளிய போகக் கூடாது. தொலைச்சவங்க தேடி வருவாங்க, கையில கொடுப்போம்."

எதிர் மருந்துக்கடைக்காரர் படியிறங்கி வந்தார். "இந்தச் சாவிய வச்சுக்கிட்டு நாங்க படுற பாடு இருக்கே! ஒவ்வொண்ணையும் தெருவுல இருக்கிற பூட்டுல எல்லாம் போட்டுப் பார்த்துட்டோம். என் மாமியார் பீரோவக்கூட விடல."

"அதுல ஏதாவது சிக்குமான்னு பார்த்தீங்க," என்றாள் தையல்காரம்மா.

"ஏம்மா, நீ வேற! இவங்க கடையை அடைச்சிட்டுச் சாப்பிடப் போறதே இல்ல. எந்தக் குடும்பம் சாவி இல்லாம வாசல்ல நிக்குதோன்னு பயம்."

அவள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தெரு ஓரம் ஒதுங்கிப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சுவாரசியமா இருக்கே. அடிக்குறிப்பா ஒரு வரி போட்டுடலாம்."

"அடிக்குறிப்பா? சார், முடிவே தலைகீழ். ஆபீஸ நம்பல, அவ்வளவுதான். ஒருத்தர ஒருத்தர் நம்புறாங்க. மேட்டுல எத்தனையோ சாவி காணாமப் போச்சு, இங்க ஒண்ணும் போகல!"

"திருப்பித் தர்றதுன்னா தபால்ல வர்றதுன்னு ஆரம்பத்துலயே ஆராய்ச்சித் திட்டத்துல எழுதி வச்சது யாரு?"

அவள்தான். வேறு எப்படித் திருப்பித் தருவார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"எழுதினத இனி மாத்த முடியாதும்மா. பரிசோதனை முடிஞ்சதும் அவங்ககிட்ட உண்மையச் சொல்லணும், அது விதி. சொல்லிட்டு வாங்க. சாயங்காலம் சம்மதம் அனுப்புங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். பூட்டே இல்லாத சாவிகள் என்றும், ஆராய்ச்சிக்காக வேண்டுமென்றே தான்தான் போட்டதென்றும் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப யாரும் வெளிய நிக்கலையா?"

"இல்லைங்க."

"நாங்க திருடங்களான்னு பார்த்தீங்களா?"

"அப்படி இல்லைங்க, நம்பிக்கை எப்படி இருக்குன்னு..."

"எங்களப் பத்தி என்னன்னு எழுதியிருக்கீங்க?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

அவளுக்குப் பொய் வரவில்லை. "நீங்க ஒண்ணையும் திருப்பித் தரலன்னு."

தையல்காரம்மா கத்தரிக்கோலை எடுத்து நூல்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். சாவிகளை ஒரு துணிப்பையில் போட்டு அவள் கையில் திணித்தாள். "இந்தாங்க, திருப்பித் தந்துட்டோம். எழுதிக்கோங்க." பிறகு கண்ணாடியையும் குல்லாயையும் கழற்ற ஆரம்பித்தாள்.

"அது... அதெல்லாம் என்னுது இல்லம்மா. நிஜமாவே யாரோ தொலைச்சது."

"யாரு கண்டா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "இனிமே கீழ என்ன கிடந்தாலும் பேசாம தாண்டிப் போக வேண்டியதுதான். பரீட்சையா இருந்தாலும் இருக்கும்."

இந்தத் தெருவில் இனி எவர் வந்து அளந்தாலும் பேராசிரியருக்குப் பிடித்த முடிவுதான் கிடைக்கும். மன்னிப்புக் கேட்டாள். மிஷின் ஓடும் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்று மறுபடி போன் செய்தாள்.

"என் பேர எடுத்துடுங்க சார். அந்தத் தெருவோட கணக்கையும் எடுத்துடுங்க. எடுக்கலன்னா, அது தப்புன்னு நானே பத்திரிகைக்கு எழுதுவேன்."

"உங்க நீட்டிப்பு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"உணர்ச்சிவசப்பட்டா ஆராய்ச்சி பண்ண முடியாதும்மா. சரி, உங்க இஷ்டம்." வைக்கப் போனவர் எதையோ நினைத்துக்கொண்டார். "அந்தச் சாவியெல்லாம் துறைப் பணத்துல வாங்கினது. ஒண்ணு குறையாம நாளைக்குக் கொண்டுவந்து ஒப்படைச்சிடுங்க."